போயிட்டு வா

கரண்டிலும் பெட்ரோலிலும் ஓடிய தன் பழைய காரைத் திலகவதி ஓர் அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்தாள். டிரைவர் இல்லாமலே ஓடும் கார். இனி டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். வெறுமனே ‘போ’ என்று சொல்லி அனுப்ப அவளுக்கு வாய் வரவில்லை. பானட்டைத் தட்டி, “போயிட்டு வா” என்றாள்.

பத்தாம் நாள் பகலில் அது திரும்பி வந்து, வழக்கமாகச் சார்ஜ் போடும் இடத்தில் நின்றது.

“போயிட்டு வந்துட்டேன்” என்றது.

பின்சீட்டில் ஓர் இளம்பெண் மூச்சு வாங்கியபடி கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. திலகவதி கதவைப் பிடித்து இழுத்தாள்.

“கதவத் திற!”

“ஆஸ்பத்திரி வந்தாத்தான் திறக்கும்” என்றது கார்.

அறக்கட்டளைக்குப் போன் போட்டாள். அங்கே வேலை பார்க்கும் இல்யாஸ் அழாத குறையாகப் பேசினான்.

“ஆஸ்பத்திரிக்குப் போற வழியில திரும்பிடுச்சு, நாங்க சொன்னா கேக்கல மேடம். நீங்க வரச் சொன்னீங்கன்னே சொல்லுது. போயிட்டு வான்னு மட்டும் மறுபடி சொல்லிடாதீங்க, பாதி வழியிலயே திரும்பிடும். போ, இனிமே வராதன்னு சொல்லுங்க. சீக்கிரம் மேடம், அந்தப் பொண்ணுக்கு நேத்தே டயாலிசிஸ் பண்ணியிருக்கணும்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பெண் அவளையே பார்த்தாள். திலகவதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“போ. இனிமே வராத.”

கார் நகர்ந்தது. தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. அந்தப் பெண்ணின் காதிலும் விழுந்துவிட்டது.