நாற்பத்தொன்றாவது குழாய்

அல்-மர்ஜானி என்ற குடும்பப் பெயரின் விலை ஆளுக்கு நாற்பத்தைந்து தினார். அந்தப் பெயருள்ள ஆண்கள் எல்லோரும் ஒரே பாட்டனின் வாரிசுகள்தானா என்று சின்னக் குழாயில் பிடித்த எச்சிலை வைத்தே சொல்லிவிடும் டி.என்.ஏ. சோதனை அது. நாற்பத்தொரு பேருக்கும் பணம் கட்டியவர் பிள்ளையில்லாத பெரியப்பா துவைஜ். கட்டுவதற்கு முன் பேரம் பேசி முப்பத்தெட்டாகக் குறைத்தவரும் அவரேதான்.

முடிவு மிஷாரியின் கைக்கு வந்தது. நாற்பது பேர் ஒரே ரத்தம். சேராத ஒன்று, அப்பா இறந்தபின் அவனை வளர்த்து ஆளாக்கிய பெரியப்பாவுடையது.

குவைத்தில் அவர்கள் வீட்டு வரவேற்புக் கூடமான திவானியாவில் குடும்பத்து ஆண்கள் கூடியதும் மிஷாரி எழுந்து நின்றான்.

"நாப்பத்தொண்ணும் ஒரே ரத்தம்!"

கைதட்டல் ஓய்ந்து காபி வலம் வந்தபோது, பெரியப்பா அவனை ஓரமாக இழுத்தார்.

"ஏண்டா, அப்போ பஸ்ரா துறைமுகத்துல என்னைக் கண்டெடுத்ததா எங்கப்பா சொன்னது பொய்யா?"

மிஷாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"என் கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டார். உங்ககிட்ட சொல்லத்தான் எனக்கு வாய் வரலை. மெஷினாவது சொல்லட்டும்னு காசு கட்டினேன். அதோட வாயையும் நீ அடைச்சிட்டே!"

"பேரம் பேசி வாங்கின சோதனை இப்படித்தான் இருக்கும்."

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்போ நாப்பதுக்கு ஒண்ணு கொசுறு. நான்தான் அந்தக் கொசுறா?"

மிஷாரி அவர் நெற்றியில் முத்தமிட்டான்.

"சரக்கே நீங்கதான் பெரியப்பா. நாங்க நாப்பது பேரும் கொசுறு."