விறகுக் கொட்டகை

மழைக்காலத்தின் முதல் நாள், பொழுது சாயும்போது சாவத்தி நகரத்துப் புத்த விகாரையில் துறவிகளுக்கு அறைகளைப் பங்கிட்டு முடித்தார் இளந்துறவி உத்தியர். கடைசியாக வந்து நின்றார், தலை மழித்துச் சில நாளே ஆன ஒரு முதியவர்.

“பெரியவரே, வயசு கணக்கில்ல. முன்னால துறவு வாங்கினவங்களுக்குத்தான் அறை. மிச்சம் விறகுக் கொட்டகைதான். ஒழுகும். ஓரமா படுத்துக்குங்க.”

முதியவர் வணங்கிவிட்டு நடந்தார்.

விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்த சோமா கொதித்துப்போனாள்.

“என் வீட்டுக்காரரா இருந்தப்ப இந்த விகாரையையே கட்டிக் குடுத்தவரு சாமி இவரு! இவருக்கா கொட்டகை?”

உத்தியர் பதறி, தன் அறையையே கொடுத்துவிடத் தன் பாயைச் சுருட்டினார். முதியவர் திரும்பி வந்து அவரைத் தடுத்துவிட்டு, சோமாவிடம் மெல்லக் கேட்டார்:

“குடுத்தாச்சுன்னுல்ல நெனச்சேன். இன்னும் குடுக்கலையாம்மா?”