கரை சேர்ந்தோர் பட்டியல்

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் ஷைனி கணினியில் பெயர்களை மாற்றிக்கொண்டிருந்தாள். தொலைவிலுள்ள துறைமுகம் ஒன்று அனுப்பிய பட்டியலின்படி, ‘தேடப்படுவோர்’ நாற்பது பேர் ‘கரை சேர்ந்தோர்’ ஆகிக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் உறுதி செய்யவில்லை. உறவினர்கள் காத்திருந்த கூடத்துத் திரை அதற்குள் காட்டிவிட்டது. பன்னிரண்டாம் பெயருக்கு மெற்றில்டா என்ற பெண், “எங்க வீட்டுக்காரரு!” என்று அலறி, பக்கத்தில் நின்றவளைக் கட்டிக்கொண்டாள்.

நாற்பதையும் முடித்து உறுதி செய்யப் போனபோது அந்தத் துறைமுகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அது மீட்கப்பட்டவர்களின் பட்டியல் அல்ல, காணாமல் போனவர்களின் பட்டியலாம்.

மாறுவதற்கு முன் ஒவ்வொரு பெயரும் எப்படி இருந்தது என்பதை கணினியின் ஜர்னல் கோப்பு குறித்து வைத்திருந்தது. ஷைனி ஒரே ஒரு கட்டளை கொடுத்தாள். நாற்பது பேரும் ஒன்றாகக் கடலுக்குத் திரும்பினார்கள்.

மெற்றில்டா கண்ணாடி ஜன்னலுக்கு வந்தாள்.

“மோளே, இப்பம் அவரு பேரு அதுல கெடந்துதே?”

“தப்பா ஏத்திட்டேன்க்கா. பழையபடி ஆக்கியாச்சு.”



“பழையபடின்னா, போன வெள்ளிக்கிழமைக்கு ஆக்க முடியுமா? வள்ளம் எறக்கதுக்கு முந்தி?”

ஷைனி எழுந்து வெளியே போய் அவளருகில் நின்றாள். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.