பரவும் சூடு

முதல் பேனலில் இருந்த சிவப்புத் திட்டு இரண்டாவதுக்கும் தாவியிருந்தது. சூட்டைப் படமாகக் காட்டும் கேமராவைப் பிடித்திருந்த சோலார் மெக்கானிக்கின் கை உதறியது.

மூன்றாவது பேனலுக்கு நகர்ந்தான். ஐயையோ, அங்கேயும் அதே சிவப்பு!

அடுத்த தெருவில் ஒரு பேனல் கருகிப்போன சேதி நேற்று காதில் விழுந்ததிலிருந்தே அவனுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. பேனல்மேல் ஒற்றைச் சருகு விழுந்தால் போதும். அது மறைக்கிற கட்டம் மின்சாரம் தராமல், மற்ற கட்டங்கள் தருவதை வாங்கி வாங்கிச் சூடேறிக் கருகும். அதனால்தான் வேலை பார்க்கும் கடையின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் தங்கை வீட்டு மொட்டைமாடியில் வந்து நின்றான்.

கரன்ட் போனாலும் குழந்தைக்கு ஃபேன் நிற்கக் கூடாது என்று இந்தப் பேனல்களை மாட்டியவனே அவன்தான். அந்த மொட்டைமாடியிலேயே இருந்த அறையின் தாழ்ந்த மரக்கூரைமேல் அவை சாய்ந்திருந்தன. நேர் கீழே தங்கையும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்து, நேற்றுதான் வீட்டுக்கு வந்த பிஞ்சு அது.

நாக்கு வறண்டது. ஜெர்கின் போட்டிருந்தும் பற்கள் தந்தியடித்தன. பயம் இப்படியா ஆளை உலுக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"ஏய், பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வா! கூரை பத்திக்கப் போகுது!"

தங்கை பதறியடித்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே ஓடிவந்தாள்.

"எங்கண்ணா தீ?"

"இதோ பாரு, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் பரவிக்கிட்டே போகுது!"

"வெயிலே இன்னும் வரலையே, எப்படிச் சூடாகும்?"

"நெருப்பு வெயிலைக் கேட்டுக்கிட்டா வரும்? கீழ போயிடு, சொன்னா கேளு!"

அவள் போகவில்லை. எட்டிப் பேனலில் கை வைத்தாள். அவன் அலறியேவிட்டான்.

"ஏன் கத்துற? ஜில்லுன்னுதான் இருக்கு. எங்க, உன் கையைக் கொஞ்சம் தூக்கு."

தூக்கினான். கேமராவில் சிவப்புத் திட்டும் கையைத் தூக்கியது. நாலடி தள்ளி நின்றான். அதுவும் கூடவே வந்தது.

"கண்ணாடியில உன் உடம்புச் சூடுதான் தெரியுது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? தூக்கத்தைக் கெடுத்தியே மகராசா!"

அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சிரித்தான்; கண்ணில் தண்ணீரும் வந்தது. நம்மால் இந்தப் பிஞ்சுக்கு எதுவும் ஆகவில்லை, அது போதும்.

"மாமா உன்னைப் பயமுறுத்திட்டேனாடி தங்கம்? வா, வா, மாமாகிட்ட வா" என்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

குழந்தையைக் கொடுக்க வந்த தங்கையின் விரல்கள் அவன் மணிக்கட்டில் பட்டன. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். இவ்வளவு நேரம் இல்லாத பயம் இப்போது அவள் முகத்தில் இருந்தது.

"கிட்ட வராதண்ணா, நீ காய்ச்சல்ல கொதிக்கிற!"