பல் வைத்த பிறகு எடுத்த படம்

"பல்லைக் கழட்டு."

"மாட்டேன்."

"கழட்டுன்னு சொல்றேன்ல."

பல் கிளினிக்கில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது வயதுப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பெற்றவள் அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

"இவளெல்லாம் ஒரு தாயா?" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தது அம்மாவின் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன செய்ய?

பிறக்கும்போதே வந்த கோளாறு. தோல் வியர்க்காது, கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் உடம்பு அனலாகக் கொதிக்கும். அதனால் தலையில் எப்போதும் ஈரத் துணி. நகம் முளைக்கும்போதே பிளந்துகொள்ளும். முடி பூனை மயிர் மாதிரி. பல் என்று முளைத்தவை நாலே நாலு, அதுவும் கூர்கூராக.

டாக்டர்கள் இதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து சீட்டுக்காரி சுலபமாக நுழைகிற பெயராக வைத்துவிட்டாள்: கிழவி.

இந்த கிளினிக்தான் இலவசமாகப் பல் செட் செய்து கொடுத்தது. அன்றிலிருந்து பெண் கண்ணாடியை விட்டு நகரவில்லை. தூங்கும்போது கழட்டி வை என்றால்கூட அழுகை.

கிளினிக்கை நடத்துகிற மேடம் சிரித்த முகமாக வந்தார்.

"பாப்பாவைத் திட்டாதீங்க. பல் வைக்கறதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்திருக்கணும், எங்க ஆளுங்க மறந்துட்டாங்க. முன்னாடி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு நன்கொடை குடுக்கறவங்களுக்குக் காட்டணும்ல."

மறந்தது இவர்கள் ஆள். அதற்குப் பல்லைக் கழட்ட வேண்டியது பிள்ளை. இலவசம் என்றால் சும்மாவா?

அம்மா குனிந்து பெண்ணின் காதோடு சொன்னாள். "இங்க பாரு கண்ணு. பல் இல்லாம ஒண்ணு, பல்லோட ஒண்ணு. ரெண்டையும் வாசல்லயே பெருசா மாட்டப் போறாங்க. கிழவின்னு சொன்னாளே, அவளைக் கூட்டிட்டு வந்து காட்டலாம்."

"நிஜமா?"

"நிஜமா."

கை இறங்கியது. பல் கழன்றது. தலைத்துணியையும் அவிழ்க்கச் சொன்னார்கள்.

"நகம் தெரியற மாதிரி கையைக் கன்னத்துல வெச்சுக்கம்மா," என்றார் போட்டோக்காரர். "சிரிக்காத. ஆங், அப்படித்தான்."

அப்புறம் பல்லை மாட்டிக்கொண்டு சிரித்தாள் பாருங்கள். வாயைப் பொத்தாமல் அவள் சிரித்து அம்மா பார்த்ததே இல்லை. தையல் கம்பெனியில் லீவு கேட்டு வாங்கின திட்டெல்லாம் அந்தச் சிரிப்பில் போயே போய்விட்டது.

அடுத்த மாதம் பக்கத்து சீட்டுக்காரியை வம்படியாக இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள்.

வாசல் சுவரில் ஆள் உயரப் பலகை. 'முன்பு' என்று எழுதியிருந்த பக்கத்தில் அவள்தான். கன்னத்தில் கை, பொக்கை வாய். 'இப்போது' என்ற பக்கத்தில், அடர்த்தியாக ரெட்டைச் சடை போட்டு, வரிசைப் பல் தெரியச் சிரிக்கிற வேறொரு பெண்.

"இது யாருடி? உன் பல்லு எங்க?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. கேலிகூடச் செய்யவில்லை. செய்திருந்தாலாவது தேவலை.

அதற்குள் மேடம் வந்துவிட்டார். "எப்படி வந்திருக்கு பாருங்க. அது என் பொண்ணுதான். தப்பா நினைக்காதீங்க, பாப்பாவுக்குப் பல் அழகாத்தான் இருந்துச்சு. ஆனா முடி, தோல் எல்லாம் சேர்த்துப் பார்த்தா... குடுக்கறவங்களுக்கு வித்தியாசம் பளிச்சுன்னு தெரியணுமில்ல?"

நறுக்கென்று நாலு வார்த்தை அம்மாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வளர்கிற பிள்ளை. இந்த செட் அடுத்த வருஷம் வாய்க்குப் பற்றாது. புதிது செய்து தரப் போவதும் இதே மேடம்தான்.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெண் பல்லைக் கழட்டிக் கழுவி, டப்பாவில் போட்டு மூடினாள்.

"ஏன் கண்ணு கழட்டுறே? இப்ப யாரு கழட்டச் சொன்னா?"

"அந்தப் படத்துல எனக்குப் பல்லே இல்ல. நீதானேம்மா ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னே."