முதல் பெயர்

"வேற யாரு பேரா இருந்தாலும் தாங்கியிருப்பேன் சந்திரகலா. உன் பேரா?"

அச்சுக்கடை முதலாளி சாத்தப்பன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் புதிதாக ஒரு ஃபைல். கடையின் கல்யாணக் கார்டு டிசைன்கள் அத்தனையும் அதற்குள் மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. ஃபைலுக்குப் பெயர் 'கிள்ளான்'. பக்கத்திலேயே, எழுதியவர் பெயர்: சந்திரகலா.

காலையில்தான் ஒரு வாடிக்கையாளர், கிள்ளானில் புதிதாகத் திறந்த கடையின் கார்டை நீட்டி, "இதே டிசைன் அங்கயும் அடிக்கிறாங்களே பாஸ்?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் சாத்தப்பன் மண்டையை உடைத்துக்கொண்டு ஆக்கிய டிசைன், அச்சு அசலாக அங்கே.

"நான் செய்யல முதலாளி. சத்தியமா செய்யல."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? கடைச் சாவிய மேசைல வச்சிட்டுக் கிளம்பு."

கடை திறந்த நாளிலிருந்து இருப்பவள். சாவியை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனாள். சாத்தப்பனுக்குக் கோபத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது.

மாடி வீட்டிலிருந்து காபியோடு வந்த அவர் மனைவி விசாலம், விஷயம் கேட்டுப் பதறிப்போனாள். "அந்தப் பொண்ணு அப்படிச் செய்யாதுங்க. திரும்பக் கூப்பிடுங்க."

"உனக்கு ஊர் உலகம் தெரியாது விசாலம். உங்கண்ணன் கிள்ளான்லேருந்து பங்கு கேட்டு வந்தப்பகூட முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு, இவளைத்தானே நம்பினேன்! நம்பினதுக்கு நல்லா செஞ்சா."

விசாலம் மாடிக்குப் போய்விட்டாள். காபி ஆறிக் கிடந்தது.

மதியம், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கன்னையா வந்தான். மலேசிய ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த வருஷம், காசில்லாமல் கிடைக்கிறதே என்று கடையிலும் மாடியிலும் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு லைனக்ஸ் மென்பொருள் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். ஃபைலெல்லாம் கீழே கடையில். மாடிக் கம்ப்யூட்டரிலிருந்தும் அவற்றைத் திறக்கலாம், எழுதலாம். அதற்காக மாடிப்படி ஓரமாக ஒரே ஒரு கேபிள் இழுத்திருந்தான்.

"அவ பேரை இதுலேருந்து தூக்கிடு லா," என்றார் சாத்தப்பன்.

கன்னையா திரையைக் கூர்ந்து பார்த்தான். "பாஸ், இது ஞாயித்துக்கிழமை எழுதின ஃபைல்."

"அதனால என்ன? சாவி அவகிட்டதானே இருந்துச்சு!"

"சாவி இருந்து என்ன செய்ய? சனிக்கிழமையே இந்த ஸ்கிரீனை ரிப்பேருக்கு சுங்கை பூலோவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். திங்கள்தானே கொண்டாந்து மாட்டினேன்? ஸ்கிரீனே இல்லாத மெஷின்ல யாரு உட்கார்ந்து எழுதுவா? இது கேபிள் வழியா மேலேருந்து வந்தது."

"அப்ப அவ பேரு எப்படி வந்துச்சு?"

கன்னையா தலையைச் சொறிந்தான். "என் தப்புதான் பாஸ். லைனக்ஸ் ஆளைப் பேரை வச்சுப் பார்க்காது, நம்பரை வச்சுத்தான் பார்க்கும். எந்த மெஷின்லயும் முதல்ல பதியுற ஆளுக்கு ஒரே நம்பர்தான் விழும். கீழே முதல்ல பதிஞ்சது சந்திரகலா. அதனால மேல முதல்ல பதிஞ்சவங்க என்ன எழுதினாலும், கீழே சந்திரகலா எழுதின மாதிரிதான் காட்டும். நம்பரை மாத்தி வைக்காம விட்டுட்டேன், சாரி பாஸ்."

சாத்தப்பன் சிரித்தே விட்டார். "மேல முதல் பேரு என்னோடதுடா. முதலாளி பேரைத்தான் முதல்ல போடணும்னு சொன்னேன்ல? நானே என் கடையில திருடினேங்கிறியா?"

"நான் போடல பாஸ். அன்னைக்கு கேபிள் இழுக்கவே நேரம் சரியாப் போச்சு. பேரை மட்டும் நீங்களே போட்டுக்குங்கன்னு விசாலம் ஆச்சிகிட்ட சொல்லிட்டுப் போயிட்டேன்."

"சொன்னா போடாமலா இருப்பா? இப்பவே கேக்குறேன் பாரு!" சாத்தப்பன் மாடிப்படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டு வீறாப்பாகக் குரல் கொடுத்தார். "விசாலம்! மேல கம்ப்யூட்டர்ல முதல்ல யாரு பேரைப் போட்டே?"

மேலேயிருந்து உடனே பதில் வந்தது.

"என் பேரைத்தாங்க. நீங்கதான் அதைத் தொடுறதே இல்லையே!"