கடைசியாக வந்தவர்

"ஓடுடா! என் ராசா, என் அப்பனே, கொஞ்சம் வேகமா ஓடுடா!"

ஸ்கூட்டரில் பக்கத்திலேயே ஊர்ந்தபடி கான்ட்ராக்டர் கெஞ்சினார். ஒரு பக்கம் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது. கழுத்தில் ஈரத்துண்டு. ஓடுகிறவரைவிட அவருக்குத்தான் அதிகமாக வியர்த்திருந்தது.

ஓடுகிறவர், அவரிடம் வேலை பார்க்கும் பெயிண்டர். ஓடுகிறார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பல் பிடுங்கப் போகிறவன்கூட இதைவிட வேகமாகப் போவான்.

பின்னால் முதலுதவி வேன் வந்துகொண்டிருந்தது. உள்ளே நர்ஸும் டிரைவரும். கடைசியாக ஓடும் ஆளின் பின்னாலேயே போவதுதான் அந்த வேனுக்கு இட்ட வேலை. படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்காக நடக்கும் மாரத்தான் இது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. எட்டு மணி நேரம்தான் கெடு. மதியம் ஒரு மணிக்கு மேல் ரோட்டில் யார் இருந்தாலும் வேனில் ஏற்றிவிட வேண்டும். முதலில் வந்தவர் இந்நேரம் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமே போட்டிருப்பார்.

"இவரு முடிச்சிடுவாராண்ணே?" என்றாள் நர்ஸ்.

"இவரு முடிக்கறாரோ இல்லையோ, என் கிளட்ச் முடிஞ்சிடும்மா. முப்பத்தாறு கிலோமீட்டரா முதல் கியர்லயே வந்திருக்கேன்."

திடீரென்று பெயிண்டர் நின்றார். ரோட்டோரச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். நர்ஸ் பதறிக் குதித்து ஓடினாள்.

"என்னய்யா, மயக்கமா வருதா?"

"இல்ல சிஸ்டர். இந்தச் சுவத்தைப் பாருங்க. பட்டியே பாக்காம மேலாப்ல பெயிண்ட் அடிச்சிருக்கான். ஒரு மழைக்குத் தாங்காது." நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்துக் காட்டினார்.

நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்தாள். எழுபத்திரண்டு. ஓடி வந்த அவளுக்கே நூறு இருக்கும்.

"சுவத்தை அப்புறம் பாக்கலாம் சாமி!" கான்ட்ராக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "மணிக்கூலிக்கு வேலை பாக்கற மாதிரியே ஓடறியேடா! முடியலேன்னா பேசாம இந்த வேன்ல ஏறிக்கோ. உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. நான் பொறுப்பு."

"அதெப்படி மொதலாளி? எங்க தெரு டீச்சருக்கு வாக்குக் குடுத்திருக்கேனே." பெயிண்டர் நர்ஸின் பக்கம் திரும்பினார். "எட்டுப் பிள்ளைங்க சிஸ்டர். ஃபீஸ் கட்டலேன்னா இந்த வாரத்தோட பேரை எடுத்துடுவாங்க. நான் ஓடினா மொதலாளி கட்டறேன்னு சொல்லியிருக்காரு. எல்லாம் இந்த ரெண்டு காலை நம்பித்தான் இருக்கு. மணி என்ன ஆச்சு?"

"பதினொண்ணரை."

"அப்படியா," என்று நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, இன்னும் மெதுவாக ஓடத் தொடங்கினார். பாவம், கால் ஓய்ந்துவிட்டது என்று நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை.

வேனில் ஏறியதும் சொன்னாள்: "பணத்தையும் குடுத்துட்டு, காலைல இருந்து வெயில்ல கூடவே வராரு பாருங்க. இப்படி ஒரு மொதலாளி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்."

"என் மொதலாளி நான் ஓடினா, வண்டியை எங்கடா விட்டேன்னு கேப்பாரு," என்றார் டிரைவர்.

எல்லைக்கோட்டில் கூட்டம் கலைந்துபோயிருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் எட்டுப் பிள்ளைகளோடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். ஓட்டம் தொடங்கியதிலிருந்து ஆன நேரத்தைக் காட்டும் பெரிய கடிகாரத்தில் ஏழு மணி நேரம் ஐம்பது நிமிடம்.

கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது பெயிண்டர் உட்கார்ந்துவிட்டார்.

இடது கால் ஷூவைக் கழற்றினார். கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. மாட்டி, கயிற்றை நிதானமாகக் கட்டினார். பிறகு வலது கால்.

"முடிச்சை அப்புறம் போடுடா, பாவி!" கான்ட்ராக்டர் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து அவரைப் பின்னாலிருந்து தள்ளப் போனார்.

"ஓடறவரைத் தொடக் கூடாது சார்!" என்று இரண்டு பேர் அவரை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏழு ஐம்பத்தெட்டு. நர்ஸால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, பத்தே அடிதான்! எந்திரிங்க! அந்தப் பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க!"

"அவங்களைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன் சிஸ்டர்," என்றார் பெயிண்டர், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசிப் பத்து நொடி இருக்கும்போது எழுந்தார். பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். கடிகாரம் எட்டைத் தொட்டதும் அவர் கால் கோட்டைத் தொட்டதும் ஒன்றாக நடந்தது. பிள்ளைகள் 'ஓ'வென்று கத்திக்கொண்டு வந்து அவரை மொய்த்தார்கள்.

கான்ட்ராக்டர் ரோட்டிலேயே உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார். நர்ஸுக்கும் கண் கலங்கியது.

"அழாதீங்க சார். உங்க ஆளு முடிச்சிட்டாரு இல்ல?"

"முடிச்சிட்டானா? என்னைத்தாம்மா முடிச்சிட்டான்!" கான்ட்ராக்டர் நிமிர்ந்தார். "மாரத்தான்னா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு டிவில பாத்தேன். அந்த தைரியத்துல, இவன் ரோட்டுல இருக்கற ஒவ்வொரு முழு மணி நேரத்துக்கும் ஒரு பிள்ளையோட ஃபீஸ் கட்டறேன்னு டீச்சர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்மா!"

கழுத்தில் மெடலோடு பெயிண்டர் நர்ஸிடம் வந்தார். "சிஸ்டர், அடுத்த வருஷம் இந்த எட்டு மணி நேரத்தைப் பத்தாக்கச் சொல்லி யாருகிட்ட மனு குடுக்கணும்? தெருவுல இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க."